உருத்திரமூர்த்தியரின் நானூற்று எண்பத்தொன்பது

ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்துத் தமிழர்கள் ஒருவரையொருவர் கண்டால் முதலில் சுகம் விசாரிப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். முதலில் விலை விசாரிப்பார்கள். கையில் இருக்கும் கமரா, காலில் இருக்கும் சப்பாத்து, வீட்டு மூலையில் புதிதாக வந்து குந்தியிருக்கும் தொலைக்காட்சி, எதுவானாலும் "என்ன விலைக்கு எடுத்தனீங்கள்?" என்ற கேள்வி வந்தே தீரும். பதிலைக் கேட்டதும் கேட்டவரின் முகத்தில் ஒரு சின்னத் துக்கம் படரும். செத்தவீட்டுக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டி, "அவசரப்பட்டிட்டீங்கள்" என்பார். அதே சாமானை அவருக்குத் தெரிந்த ஒருவர் போன கிழமைதான் பாதி விலைக்கு எடுத்திருப்பார். அந்த ஒருவர் எங்கே என்று கேட்டால் ஹனோவரில் என்பார்கள். ஹனோவரில் போய்க் கேட்டால் டோட்முண்டில் என்பார்கள்.

விமான ரிக்கற் விஷயத்தில் மட்டும் அந்த ஒருவர் பீலெஃபெல்டிலேயே, அதுவும் ஆரணியின் குடும்பத்திலேயே இருந்தார். அவள் கணவன் ராசனின் தமையன் உருத்திரமூர்த்தி.

போன வருஷம் உருத்திரமூர்த்தி பிராங்போட்டிலிருந்து சென்னைக்குப் போய்வந்தார். நானூற்று எண்பத்தொன்பது யூரோ. போக, வர, சாப்பாடு, முப்பது கிலோ எல்லாம் சேர்த்து. தானே கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து, தானே தேடி, தானே பொத்தானை அமத்தி எடுத்த ரிக்கற். இந்தக் கதையை அவர் இதுவரை மூன்று பிறந்தநாள் விழாக்களிலும், ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கிலும், ஒரு அந்தியேட்டியிலும் சொல்லியிருக்கிறார். அந்தியேட்டியில் செத்தவரின் மகனே அழுகையை நிறுத்திவிட்டு, "எந்த வெப்சைற் அண்ணை?" என்று கேட்டான்.

அவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அந்தக் குடும்பத்தில் கிரெடிட் காட் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களிடம் இருந்தது சாதாரண வங்கி அட்டை. அதைக் கொண்டு கடையில் பால் வாங்கலாம், இணையத்தில் விமானம் ஏற முடியாது. ஆகவே தம்பி, தங்கை, மைத்துனர் யார் பறப்பதென்றாலும் அவருடைய சட்டைப்பையைத் தாண்டித்தான் பறக்கவேண்டும்.

ஆரணி ஜெர்மனிக்கு வந்து மூன்று வருஷம். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறாள். எதற்கும் பயப்படுவாள். பஸ் வர இரண்டு நிமிடம் பிந்தினால் இடத்தை மாறி நிற்கிறேனோ என்று பலகையை மூன்று தரம் வாசிப்பாள். அவளுடைய தங்கச்சி பிருந்தாவுக்குச் செப்டெம்பர் முதற் கிழமை திருச்சியில் கலியாணம். தகப்பன் இல்லாத வீடு. தாயும் பிருந்தாவும் அங்கே வாடகை வீட்டில். "அக்கா, நீ வராட்டி நான் மணவறையில ஏறமாட்டன்" என்று பிருந்தா சொன்னபோது அது செல்லக் கதையாக இருக்கவில்லை. ஆரணி உழைத்துச் சேர்த்த காசு கையில் இருந்தது. வேலையில் லீவும் கிடைத்துவிட்டது. ராசனுக்கு ரெஸ்ரோறன்ரில் லீவு இல்லை, அவள் மட்டுந்தான் போகவேண்டும். வேண்டியது ஒரே ஒரு ரிக்கற். அதன் கொப்பி இல்லாமல் இந்திய விசாவுக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட முடியாது. விசா வர நாலு கிழமை.

ஜூன் முதலாம் திகதி, வேலை முடிந்து வந்து, அவள் கொம்பியூட்டரைத் திறந்து பார்த்தாள். ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"இஞ்சேருங்கோ, அறுநூறுக்குள்ள காட்டுது. எடுப்பமே?"

ராசன் திரையைப் பார்த்தான். பிறகு போனைப் பார்த்தான். "அண்ணையிட்ட ஒரு சொல்லுக் கேப்பம்."

போனுக்குள் இருந்து உருத்திரமூர்த்தி சிரித்த சிரிப்பு, கதிரையில் இருந்த ஆரணிக்கும் கேட்டது.

"ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டோ? தம்பி, அது வெள்ளைக்காரனுக்குப் போட்ட விலையடா. நானே நானூற்று எண்பத்தொன்பதுக்கு எடுத்தனான். இன்னும் மூண்டு மாசம் கிடக்கு. என்ரை கிரெடிட் காட்டை உப்பிடிக் கரியாக்க விடமாட்டன்."

கரியாகப் போவது ஆரணியின் காசு. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் விலை அறுநூற்றிருபது. மத்தியானம் அறுநூற்றுப் பதின்மூன்று. பின்னேரம் அறுநூற்று முப்பத்தைந்து. சாதாரண மனிதர்கள் இதைப் பார்த்துக் குழம்புவார்கள். ராசனின் உறவினர்கள் குழம்பவில்லை, ஆளுக்கொரு சாத்திரம் சொன்னார்கள். படர்போன் நகரில் இருந்த சின்னம்மா சுந்தரேஸ்வரி, செவ்வாய்க்கிழமை விடிய ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் பார்க்கச் சொன்னா. அந்த நேரத்தில்தான் விமானக் கொம்பனிக்காரன் நித்திரையால் எழும்பிப் புது விலை போடுவானாம். ஊரில் பஞ்சாங்கம் பார்த்தவர்களின் மூன்றாம் தலைமுறை, இங்கே விலைக்கு முகூர்த்தம் பார்த்தது. மச்சாள் கமலநாயகியின் பயம் வேறு. "ஒருக்காப் பாத்த ஆளை அவன் குறிச்சு வைச்சிருப்பானாம் பிள்ளை. திரும்பப் போனால், ஓகோ இவளுக்குத் தேவை இருக்குதெண்டு ஏத்திப்போடுவான். பாத்த அடையாளத்தை எல்லாம் அழிச்சுப்போட்டுப் பார்." ஆரணி அழித்துப்போட்டுப் பார்த்தாள். ராசன் சேமித்து வைத்திருந்த கிரிக்கெட் பக்கங்கள் போயின. விலை போகவில்லை.

உருத்திரமூர்த்தியின் சாத்திரந்தான் எல்லாவற்றுக்கும் மேலானது.

"நீ ஒராள் எண்டு போட்டுத் தேடுறாய். அதுதான் பிழை. ஆறு பேர் எண்டு போடு."

"நான் ஒராள்தானே போறன் பெரியத்தான்?"

"அது அவனுக்குத் தெரியுமோ? ஒரு கிலோ அரிசி எடுத்தால் என்ன விலை, மூட்டையாய் எடுத்தால் என்ன விலை? ஆறு பேர் எண்டவுடனை அவன் மொத்த விலைக்கு இறங்குவான். இறங்கினாப் பிறகு ஒண்டை மட்டும் எடுப்பம்."

அன்றிலிருந்து ஆரணி ஒவ்வொரு நாளும் இல்லாத ஐந்து பேரையும் சேர்த்துக்கொண்டு சென்னைக்குப் பறக்கப் பார்த்தாள். விலை அறுநூற்றெழுபது காட்டியது. எண்ணூறு காட்டியது. ஒரு நாள் தொள்ளாயிரம் காட்டியபோது அவள் அவருக்குப் போன் எடுத்தாள். "பயப்படாதை, அவன் சோதிக்கிறான்" என்றார் உருத்திரமூர்த்தி.

மூன்றாம் கிழமை அவள் ஒருவருக்கும் சொல்லாமல் கொறற்றி அக்காவிடம் போனாள். புகையிரத நிலையத்துக்குப் பின்னால் உள்ள தமிழ்க்கடையின் உட்பகுதியில், முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்கும் தேங்காய்ப்பால் தகரங்களுக்கும் நடுவே ஒரு மேசை போட்டு ரிக்கற் விற்பவ கொறற்றி. ஆரணி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.

"ஆறு பேர் எண்டோ போட்டுப் பாத்தனீர்?"

"ஓம் அக்கா."

"சேசுவே! இஞ்சை பாரும். ஒரு பிளேனில முந்நூறு சீற் எண்டால் முந்நூறும் ஒரு விலையில்லை. பத்துப் பன்னிரண்டு தட்டாய்ப் பிரிச்சு வைச்சிருப்பினம். அடித்தட்டு மலிவு. அதில அஞ்சு சீற்தான் மிச்சம் எண்டு வையும். ஒராள் எண்டு கேட்டால் அடித்தட்டு விலை காட்டும். ஆறு பேர் எண்டு கேட்டால் அஞ்சுக்குள்ள ஆறு அடங்காதெல்லே? ஆறு பேரையும் தூக்கி மேல்தட்டு விலையில வைச்சிடும். இது அரிசி மூட்டை இல்லைப் பிள்ளை. கூடக் கேட்டால் கூடத்தான் காட்டும்."

"பிறகேன் காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு?"

"எத்தினை வித்தது, பறக்க எத்தினை நாள் கிடக்கு, பக்கத்துக் கொம்பனி என்ன விலை போட்டிருக்கு எண்டு கொம்பியூட்டர் தன்ரை பாட்டில பாத்து மாத்திக்கொண்டே இருக்கும். ஆரும் பிடிச்சு வைச்ச சீற்றை விட்டால் கொஞ்சம் இறங்கும். நாலு பேர் வாங்கினால் ஏறும். அதுக்கு உம்மில கோவமும் இல்லை, இரக்கமும் இல்லை. உம்மடை கைக்கு அடங்கிற விலை வந்தால் எடும். எடுத்தாப் பிறகு அந்தப் பக்கம் எட்டியும் பாக்காதையும். இருவது வருசமாய் நான் கண்ட வித்தை அவ்வளவுதான்."

"பெரியத்தான் நானூற்று எண்பத்தொன்பதுக்கு எடுத்தவராமே?"

கொறற்றி கண்ணாடியைத் திரும்ப மாட்டினா. மேசை லாச்சியை இழுத்தா, எதையோ பார்த்தா, மூடினா.

"உருத்திரமூர்த்தியரோ? தானே அமத்தி எடுத்தவராமோ?"

"ஓம்."

"நல்ல விரல்," என்றா கொறற்றி. "இண்டைக்கு ஒராளுக்கு அறுநூற்று நாப்பத்தொண்டு. எழுதட்டோ?"

எழுதச் சொல்ல ஆரணியின் நாக்கு எழுந்தது. ராசனின் முகம் நினைவுக்கு வர அது படுத்துக்கொண்டது.

வீட்டில் ராசன் ஒரேயடியாக மறுத்தான். "விக்கிறவள் விக்கத்தான் பாப்பாள். அவளுக்குக் கொமிசன். நாளைக்கு எல்லாரும் என்ன விலைக்கு எடுத்தனீங்கள் எண்டு கேக்கேக்கை, அண்ணை அப்பிடி எடுத்தவர், தம்பி அறுநூற்று நாப்பது குடுத்து ஏமாந்தவன் எண்டு நான் முழுசவோ?"

"கலியாணத்துக்குப் போறது நானெல்லே?"

"போ. ஆர் வேண்டாமெண்டது? நானூற்றித் தொண்ணூறு வந்தவுடனை போ."

இரண்டு நாள் கழித்து விலை அறுநூற்றுப் பத்தொன்பதுக்கு இறங்கியது. அந்த இறக்கம் செய்த கேட்டை எந்த ஏற்றமும் செய்யவில்லை. "பாத்தியோ! இறங்குது!" என்று ராசன் துள்ளினான். உருத்திரமூர்த்தி போனில், "நான் சொன்னனான்" என்றார். அடுத்த நாள் அறுநூற்றெண்பது. அதற்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஜூலை நடுப்பகுதியில் பிருந்தா போன் எடுத்தாள். "அக்கா, மணவறைக்காரனுக்கு அச்சாரம் குடுத்தாச்சு. தோழிச் சாறி உனக்கும் சேர்த்து எடுத்தாச்சு. எத்தினையாம் திகதி வாறாய்?" ஆரணி, "வாறன் வாறன்" என்றாள். திகதியைச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுக் கலண்டரில் விசாவுக்கான நாலு கிழமையைப் பின்னோக்கி எண்ணினாள். பத்து நாள் மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உருத்திரமூர்த்தி அவளைத் தன் வீட்டுக்கு வரச்சொன்னார். நானூற்று எண்பத்தொன்பதைக் கண்டுபிடித்த கொம்பியூட்டர் அங்கேதான் இருக்கிறதாம், அதன் இராசி வேறாம். ராசனுக்கு வேலை. ஆரணி தனியாகப் போனாள். ரஞ்சினி அக்கா குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தா. தன் புருஷனின் கெட்டித்தனத்தில் அவவுக்கு இருந்த நம்பிக்கை அசைக்க முடியாதது. வந்தவளுக்குத் தண்ணி குடுக்கும்போதே சொன்னா: "அவர் இருந்தாரெண்டால் விலை இறங்கும் பிள்ளை. நான் போன கிழமை சாந்தாவுக்கும் சொன்னனான்."

உருத்திரமூர்த்தி கதிரையில் சாய்ந்து, வயிற்றின் மேல் கை கோத்து, ஆரணியை விசைப்பலகைக்கு முன் இருத்தினார். "ஆறு பேர் எண்டு போடு."

ஆரணி ஒன்று என்று போட்டாள்.

எழுநூற்றுப் பன்னிரண்டு. கீழே சிவப்பு எழுத்தில், இந்த விலையில் இன்னும் இரண்டு இருக்கைகள் என்று இருந்தது.

"ரெண்டுதான் மிச்சமாம் பெரியத்தான்."

"உது வெருட்டு. சந்தையில மீன்காரன், கடைசி ரெண்டு கிலோ எண்டு கத்திறேல்லையே? கத்திப்போட்டுக் கடகத்தைத் திறந்தால் அடியில இருவது கிடக்கும்." அவர் எழும்பிப் பிறிண்டரைத் தட்டினார். "இதை ஒரு பிறிண்ட் எடுத்து வை. பின்னேரம் இறங்கினாப் பிறகு ரெண்டையும் பக்கத்தில வைச்சுத் தம்பிக்குக் காட்டுவன். அப்பத்தான் விளங்கும், பொறுமை எண்டால் என்னவெண்டு."

உருத்திரமூர்த்தி வீட்டில் வெள்ளைக் கடதாசி பிறிண்டருக்குள் போகாது. ஒரு பக்கம் பாவித்த கடதாசிகளை எல்லாம் அவர் ஒரு சப்பாத்துப் பெட்டியில் சேர்த்து வைத்திருப்பார். பள்ளிக்கூடத் துண்டு, காப்புறுதிக் கடிதம், கோயில் நோட்டீஸ், எதுவானாலும் மறுபக்கம் வெறுமையாக இருந்தால் அது பெட்டிக்குள். ஒரு தாளில் அரைச் சதம் மிச்சம் என்பது அவர் கணக்கு. பிறிண்டர் இருமி, முனகி, ஒரு தாளைத் துப்பியது.

ஆரணி எடுத்தாள். ஒரு பக்கம் எழுநூற்றுப் பன்னிரண்டு. பயந்த சுபாவம் உள்ளவர்கள் எதையும் திருப்பிப் பார்ப்பார்கள். அவளும் திருப்பிப் பார்த்தாள்.

மறுபக்கம் ஒரு பற்றுச்சீட்டு. மேலே கொறற்றியின் கடை முத்திரை. பிராங்போட், சென்னை, போக வர. பெயர் உருத்திரமூர்த்தி. திகதி போன வருஷம் ஜூலை. எண்ணூற்று முப்பத்தாறு யூரோ.

அவள் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகித்தாள். பஸ் பலகையை வாசிப்பது போல மூன்று தரம் வாசித்தாள். பிறகு அவளுக்குள் ஏதோ ஒன்று, இத்தனை நாளும் விசா, லீவு, மணவறை, தோழிச் சாறி என்று நடுங்கிக்கொண்டிருந்த ஒன்று, மெல்ல நின்றது.

"பெரியத்தான்."

"ம்."

"இதில ரெண்டு பக்கமும் விலை கிடக்கு. எந்தப் பக்கத்தை வாசிக்க?"

உருத்திரமூர்த்தி தாளை வாங்கினார். கையை நீட்டித் தூரத்தில் பிடித்தார். கிட்டக் கொண்டுவந்தார். எந்தத் தூரத்தில் பிடித்தாலும் எண்ணூற்று முப்பத்தாறு அசையவில்லை.

"இது... இது வேற பயணம்."

"போன வருசம் எத்தினைதரம் போனனீங்கள்?"

"வரியள் சேர்த்துப் போட்டிருக்கிறாள். வரியைக் கழிச்சால்..."

"என்ரையிலும் வரி சேர்த்துத்தான் கிடக்கு."

குசினியில் எண்ணெய் சீறியது. "என்ன பிள்ளை, இறங்கிட்டுதோ?" என்று ரஞ்சினி அக்காவின் குரல் வந்தது. "எவ்வளவாம்?"

ஆரணி பெரியத்தானின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று வருஷத்தில் அவள் அந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. நெற்றியில் வியர்வை நாணயம் நாணயமாக அரும்பியிருந்தது.

"உங்களைத்தானே கேக்கிறன், எவ்வளவு?" ரஞ்சினி அக்காவின் செருப்புச் சத்தம் கிட்ட வந்தது.

உருத்திரமூர்த்தி அந்தத் தாளை நாலாக, எட்டாக மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளினார். அதே பைக்குள்ளிருந்து கிரெடிட் காட் வெளியே வந்தது. "எடு பிள்ளை. நம்பரை அடி. கெதியா அடி."

ஆரணி பக்கத்தைப் புதுப்பித்தாள். எழுநூற்று முப்பத்தொன்பது. அவர் தாளை மடித்த நேரத்துக்குக் கொம்பியூட்டர் போட்ட விலை இருபத்தேழு யூரோ.

"ஏறிட்டுது பெரியத்தான்."

"பரவாயில்லை, அமத்து!"

அமத்தினாள். ரஞ்சினி அக்கா அகப்பையோடு வாசலில் வந்து நின்றபோது திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் விழுந்திருந்தது.

"எடுத்தாச்சோ? கடவுளே, நான் சொன்னனெல்லே, இவர் இருந்தால் சரிவரும் எண்டு!"

"ஓம் அக்கா," என்றாள் ஆரணி. "பெரியத்தான் இல்லாட்டி இண்டைக்கும் சரிவந்திராது."

உருத்திரமூர்த்தி அலுமாரியைத் திறந்து, பிரிக்காத வெள்ளைக் கடதாசிக் கட்டொன்றை எடுத்து, உறையைக் கிழித்தார். ரஞ்சினி அக்கா கண்ணை விரித்தா. அந்த வீட்டில் அப்படி ஒன்று இருப்பதே அவவுக்குத் தெரியாது.

"ரிக்கற்றைப் புதுத்தாளில அடி பிள்ளை," என்றார். "விசாக்காரன் மறுபக்கமும் பாப்பான்."

ராசன் எழுநூற்று முப்பத்தொன்பதைக் கேட்டு இரண்டு நாள், "அண்ணை என்னெண்டு விட்டவர்?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். அண்ணையே தன் கையால் காட் தந்தவர் என்று ஆரணி சொன்னாள். அது உண்மைதான்.

ஓகஸ்ட் பத்தாம் திகதி விசா வந்தது. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் உறவுக்காரப் பிள்ளையொன்றின் பிறந்தநாள் கொண்டாட்டம், வாடகை மண்டபத்தில். கேக் வெட்டும் முன்னரே உருத்திரமூர்த்தி நடுவில் நின்று கதை சொல்லத் தொடங்கிவிட்டார். சுற்றிவர ஏழெட்டுப் பேர்.

"எங்கட ஆரணிக்கு நான்தான் எடுத்துக் குடுத்தனான். எவ்வளவு சொல்லுங்கோ பாப்பம்? சீசன் நேரம்! நானூற்று அறுபத்தொன்பது!"

ராசன் பக்கத்தில் நின்றான். வாயைத் திறந்தான். எல்லோரும் அவனை ஒருவித மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாயை மூடி, புன்னகைத்து, தலையை மெல்ல ஆட்டினான்.

கை கழுவுமிடத்தில் ரஞ்சினி அக்காவின் சிநேகிதி சாந்தா அக்கா ஆரணியைப் பிடித்துக்கொண்டா. தை மாதம் அவவின் தமையன் மகளுக்குச் சென்னையில் கலியாணம். நாலு பேர் போகவேண்டும். "உண்மையோ பிள்ளை, நானூற்று அறுபத்தொன்பதோ? நேற்று ஐந்நூற்றெண்பது காட்டினது, நான் எடுக்கேல்லை. ரஞ்சினி பொறுக்கச் சொன்னவ."

ஆரணி சுற்றுமுற்றும் பார்த்தாள். "அக்கா, பொறுக்காதேங்கோ. நான் எழுநூற்று முப்பத்தொன்பது குடுத்தனான். திங்கக்கிழமை விடியவே கொறற்றி அக்காவிட்டப் போய் எடுங்கோ. நாலு பேரையும் ஒண்டாய் மட்டும் போட்டுப் பாக்காமல் ஒவ்வொராளாய்ப் போட்டும் பாக்கச் சொல்லுங்கோ."

சாந்தா அக்காவின் கண்கள் சுருங்கின. ஆரணி கைப்பையைத் திறந்து ரிக்கற் கொப்பியை எடுத்து நீட்டினாள். சாந்தா அக்கா அதை வாங்கி, விலையைப் பார்த்து, தாளைத் தடவிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தா.

"இப்ப கொம்பியூட்டரில எந்த விலையும் அடிச்சு எடுக்கலாமாம்."

"அக்கா, சத்தியமாய்..."

"வேண்டாம் பிள்ளை, சத்தியம் எல்லாம் ஏன்? சொல்ல விருப்பமில்லாட்டி விடும். நான் கோவிக்கேல்லை. தான் மலிவாய் எடுத்திட்டு மற்றாக்களைக் கொறற்றியிட்டத் தள்ளுறது இஞ்சை வழக்கம்தானே."

அவ கையைத் துடைத்துக்கொண்டு நேரே உருத்திரமூர்த்தியிடம் போனா. ஆரணி அங்கேயே நின்றாள். கைப்பைக்குள் பாஸ்போட் இருந்தது, அதற்குள் விசா இருந்தது, திருச்சியில் தோழிச் சாறி இருந்தது. அவளுக்கு இனிப் பயப்பட ஒன்றும் இல்லை. சாந்தா அக்காவுக்காகப் பயப்படுவது மட்டுந்தான் மிச்சம்.

"அண்ணை, நாங்கள் நாலு பேர். எப்பிடிப் பாக்கிறது?"

"நாலு காணாது, ஆறு எண்டு போடுங்கோ," என்று உருத்திரமூர்த்தி தொடங்கினார். "மூட்டையாய்க் கேட்டால்தான் இறங்குவான். நானூற்று அறுபத்தொன்பது கண்ணில படுமட்டும் ஒருத்தற்றை சொல்லையும் கேளாதேங்கோ."

அப்போதுதான் கை கழுவுமிடத்தில் நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருந்த ஆரணியை அவர் கண்டார். கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தது.

"சிலநேரம்," என்றார், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "ஒரு அஞ்சு பத்து யூரோ கூடக் காட்டும்."